எது சைட் டிஷ்? காடை வறுவலும் கொஞ்சம் பர்கண்டியும்

தமிழ்நாட்டுக் குடியைப் பற்றி ஒரே சொல்லில் சொல்லிவிட வேண்டுமென்றால் "சைட் டிஷ்" போதும். கோழி, ஆடு, காடை, நண்டு என்று அடுப்படியில் இரண்டு மணி நேரம் பக்குவமாக வெந்து வருகிற சகலமும், தம்ளரில் பழுப்பாக ஊற்றி வைத்திருக்கும் ஏதோ ஒன்றுக்கு எடுபிடி. வேறு ஊரில் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். காளையார்கோவில் மாதிரி ஊரில் இது நடப்பதைத்தான் தாங்க முடியாது. சிவகங்கையிலிருந்து தொண்டி போகிற சாலையில் 18 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மிளகும் சோம்பும் கல்பாசியும் சேர்ந்து வறுபடுகிற வாசம் வரும். அப்படி ஆக்கிய உப்புக்கறியை ஒருவர் ருசி பார்க்காமல் அள்ளி வாயில் போடுகிறார். எதற்கு? தொண்டையில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதை அணைக்க. அங்கே கறி செய்வது தீயணைப்பு வண்டி வேலை.

பிரான்சின் கிழக்கில் பர்கண்டி என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே கதை தலைகீழ். சாப்பாடுதான் மெயின். ஒயின்தான் சைட் டிஷ். ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின், நடுவில் அரை மணி நேர ஊர்வம்பு. ஒயின் இல்லாமல் சாப்பிடுவார்கள். சாப்பாடு இல்லாமல் ஒயினை மட்டும் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கே அவ்வளவாக நல்ல பேர் வாங்கித் தராது.

இந்த இரண்டு ஊரையும் ஒரே இலையில் உட்கார வைக்கலாம் என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம். இன்னும் குறிப்பாகச் சொன்னால், பர்கண்டியின் சிவப்பு ஒயினில் விலை குறைந்த ரகம் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு மிக நன்றாகச் சேரும். விலை உயர்ந்த ரகத்தைவிட நன்றாகவே சேரும். "ஏம்ப்பா, காரத்துக்கு ஒயினா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

முதலில் ஒன்று. தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். கல்லூரியில் பாதிப் பேருக்கு ஆகவில்லை. அவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், வறுவல் பகுதியை மட்டும் உடனே செயல்படுத்தலாம் :-) உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில், உடம்புக்குக் கெடுதலே இல்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது மாப்ளே" என்கிற பழைய கதையை யாரும் இங்கே தேட வேண்டாம். இது ருசியைப் பற்றியது, அதைவிட அதிகமாக அளவைப் பற்றியது.

சரி, பர்கண்டி. டிஜோன் நகரத்திலிருந்து தெற்கே மாக்கோன் வரை நீளும் ஒரு நிலத்துண்டு. அங்கே சிவப்பு ஒயின் என்றால் கிட்டத்தட்ட ஒரே திராட்சைதான்: பினோ நுவார். தோல் மெலிந்தது, நோஞ்சான், சீக்கிரம் முளை விட்டுப் பனியில் அடிபடும். 1395-ல் அந்த நாட்டுக் கோமகன் பிலிப், கமே என்கிற இன்னொரு திராட்சையை "இது துரோகி, பிடுங்கி எறியுங்கள்" என்று ஆணையே போட்டார். கமே அதிகமாகக் காய்க்கும், விவசாயிக்கு அதுதான் பிடிக்கும். கோமகனுக்குத் தன் ஒயினின் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை. (கமே சாகவில்லை. தெற்கே போஜொலே பக்கம் போய் சௌகரியமாக இருக்கிறது.)

மற்ற நாடுகளில் ஒயின் பாட்டிலைப் பார்த்தால் திராட்சையின் பெயரோ கம்பெனியின் பெயரோ பெரிதாக இருக்கும். பர்கண்டியில் ஊர்ப் பெயர், சில பாட்டில்களில் வயலின் பெயர். இந்த மேட்டு வயலில் விளைந்தது ஒரு ருசி, வாய்க்கால் தாண்டி அடுத்த வயலில் விளைந்தது வேறு ருசி என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள். வெள்ளைக்காரன் இதற்கு ஒரு பெரிய தத்துவமே கட்டி வைத்திருக்கிறான். காளையார்கோவிலில் இதை விளக்கவே வேண்டியதில்லை. எந்தக் கண்மாய்ப் பாசன நெல்லில் சோறு ருசிக்கும், எந்தச் செய்யில் விளைந்த கத்தரிக்காய் கசக்கும் என்று இங்கே பெரியவர்களுக்கு அத்துப்படி. மண்வாகு என்கிற ஒற்றைச் சொல்லில் முடிகிற சமாச்சாரம். அந்த வயல்களுக்கு 2015-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டமும் கிடைத்தது.

வயலைத் தரம் பிரித்திருக்கிறார்கள். உச்சியில் கிரான் க்ரூ, மொத்த உற்பத்தியில் சுமார் 1 சதவீதம். அதற்குக் கீழே ப்ரமியே க்ரூ. அதற்கும் கீழே ஊர்ப் பெயர் தாங்கியவை. அடித்தளத்தில் வெறுமனே "பூர்கோன்" என்று வட்டாரத்தின் பெயர் மட்டும் போட்டவை, இது ஏறத்தாழ பாதி. உச்சியில் இருப்பதற்கு ஒரு உதாரணம் ரோமானே-கோன்தி. அந்த வயல் மொத்தம் 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். நம்மூர்ச் சிறு விவசாயி ஒருவரின் நிலம். அதில் 1945-ல் விளைந்த ஒயினின் ஒரே ஒரு பாட்டில் 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்தக் காசில் கண்மாய்க்கே கரை கட்டலாம்.

இந்த உச்சியைப் பற்றி மட்டுமே எழுதி எழுதி, பர்கண்டி என்றாலே பணக்கார வீட்டு வியாதி என்று ஆக்கிவிட்டார்கள். குடிக்க வேண்டியது அடித்தளத்தில்தான் இருக்கிறது. "பூர்கோன் பினோ நுவார்" என்று எழுதிய பாட்டில். மேட்டுப் பகுதிகளிலிருந்து வரும் "ஓத் கோத் த நுயி", "ஓத் கோத் த போன்". கமேயையும் பினோவையும் கலந்து செய்யும் "பாஸ்-தூ-கிரான்" (துரோகிக்குக் கொடுத்த மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்). கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்றால் தெற்கே மெர்க்யூரே, ழிவ்ரி, சான்தனே, வடக்கே மார்சனே. லூயி ஜாதோ, ஜோசப் ட்ரூவான், லூயி லத்தூர், பூஷார் போன்ற பெரிய வியாபாரிகள் பல விவசாயிகளிடம் திராட்சை வாங்கிச் செய்யும் அடிப்படை ஒயின்களும் இதில் சேரும். பிரான்சில் 15 யூரோவைச் சுற்றி ஆரம்பித்து 25-க்குள் இவற்றில் பலதும் கிடைக்கும்.

இந்த அடித்தள ஒயினுக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இல்லை. வெயில் போதாத வருஷங்களில் பழுக்காத திராட்சையில் செய்தால் புளித்த தண்ணீர் மாதிரி இருக்கும். இப்போது பூமி சூடாகிறது. போன் நகரில் 1354 முதல் திராட்சை அறுவடைத் தேதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஆராய்ந்தவர்கள் 2019-ல் சொன்னது, 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது என்று. உலகத்துக்குக் கெட்ட சேதி. ஆனால் குளிரான மேட்டு நிலங்களில் முன்பு பழுக்காமல் நின்ற பினோ இப்போது பழுக்கிறது. அதோடு 2021 ஏப்ரலில் அடித்த பனி மாதிரி, முந்தி முளைத்த துளிரைக் கருக்கிவிட்டு விலையையும் ஏற்றிவிடுகிறது.

ருசி எப்படி இருக்கும்? கிளாஸில் ஊற்றியதுமே ஏமாற்றம்தான் வரும். நிறம் அவ்வளவு வெளிறியிருக்கும். நன்னாரி சர்பத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தி. "தண்ணி கலந்துட்டாய்ங்களோ" என்று சந்தேகப்படாதவர் சிவகங்கை ஜில்லாவில் பிறந்திருக்க முடியாது. பினோவின் தோல் மெலிசு, அதனால் சாயமும் குறைவு, அவ்வளவுதான். ஒயின் புத்தகங்களில் செர்ரி, ராஸ்பெர்ரி என்று எழுதியிருப்பார்கள். ராஸ்பெர்ரியைக் கண்ணால் பார்க்காதவனுக்கு அதனால் என்ன பயன்? களாப்பழம் என்று சொன்னால் உடனே விளங்கும். வேலியோரத்தில் பறித்துத் தின்ற அந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த ருசி. கூடவே கொஞ்சம் பன்னீர் ரோஜா, முதல் மழை விழுந்த செம்மண். சில வருஷம் ஆன பாட்டிலில் ஈர இலைச் சருகு, காளான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவும், கல்பாசி வரும்போது தேவைப்படும்.

ருசி விஷயத்தில் தமிழ் நாக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடித்து இழுக்கிற ஒரு குணம் உண்டு, திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. புதிதாகக் குடிக்கும் அமெரிக்கன் அதைக் கசப்பு என்று நினைத்துக்கொள்வான். இங்கே அதற்கு அறுசுவையில் தனி நாற்காலியே போட்டிருக்கிறார்கள்: துவர்ப்பு. வாழைப்பூ, நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு என்று சின்ன வயதிலிருந்தே பழகிய நாக்கு. கேபர்னே சோவிஞோன் மாதிரி ஒயினில் துவர்ப்பு பச்சைப் பாக்கு அளவுக்கு இருக்கும். பினோவில் வாழைப்பூ வடை அளவுக்குத்தான்.

இப்போது அந்தக் கேள்வி. காரத்துக்கு ஒயினா?

பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை, காரச் சாப்பாட்டுக்குச் சிவப்பு ஒயின் கூடவே கூடாது, லேசாக இனிக்கும் ஜெர்மன் ரீஸ்லிங் வெள்ளை ஒயின்தான் சரி என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஏற்றிவிடும், துவர்ப்பும் ஏற்றிவிடும். 14.5 சதவீத ஆல்கஹாலும் பாக்குத் துவர்ப்பும் உள்ள ஆஸ்திரேலிய ஷிராஸைக் குடித்துக்கொண்டு காரக்கறி சாப்பிட்டால் கண்ணில் நீர் வரும், நியாயம்தான். ஆனால் இந்த ஆலோசனையின் இன்னொரு பாதி, "இந்தியச் சாப்பாடு" என்றால் எல்லாமே ஒரே எரிச்சல் என்று நினைத்துச் சொல்வது. ஏதோ ஒரு லண்டன் கறிக்கடையில் விந்தாலு சாப்பிட்டவன் எழுதியது மாதிரி இருக்கும்.

செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அங்கே காரத்தைவிட வாசம் முக்கியம். மிளகு, சோம்பு, பட்டை, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ, கல்பாசி. இதில் அன்னாசிப்பூ தெற்குச் சீனாவிலும் வடக்கு வியட்நாமிலும் விளைகிற சரக்கு. அந்த வியட்நாமின் சைகோனில், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் நகரத்தார் கடை விரித்து வட்டித்தொழில் செய்தார்கள். சிவகங்கைச் சீமைச் சமையல் கிணற்றுத் தவளைச் சமையல் அல்ல. கடல் தாண்டிய சரக்கு இல்லாமல் அங்கே மசாலாவே அரைபடாது. மிளகாயை மட்டும் கொட்டி "செட்டிநாடு" என்று போர்டு மாட்டிய நெடுஞ்சாலை ஹோட்டல்கள்தான் அந்தப் பெயரைக் கெடுத்தவை.

இந்த வாசச் சமையலுக்கு எப்படிப்பட்ட ஒயின் வேண்டும்? ஆல்கஹால் கம்மி, துவர்ப்பு கம்மி, புளிப்பு கொஞ்சம் தூக்கல். அடித்தள பர்கண்டியில் ஆல்கஹால் பெரும்பாலும் 12.5 முதல் 13 சதவீதம். அதன் புளிப்பு கறியின் கொழுப்பை அறுத்துவிடும், சுக்கா மேல் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. சரி, விலை உயர்ந்த பர்கண்டி ஏன் வேண்டாம்? முதலில் அதைப் பெரும்பாலும் புது ஓக் மரப் பீப்பாயில் அதிகமாக ஊற வைப்பார்கள். அந்த வெனிலா, சுட்ட மர வாசம் பட்டையோடும் அன்னாசிப்பூவோடும் மல்லுக்கு நிற்கும். அடுத்தது, அது தன்னை மட்டும் கவனிக்கச் சொல்லும் ஒயின். பத்து வருஷம் காத்திருந்து, சத்தமில்லாத அறையில், மூக்கை உள்ளே விட்டு அனுபவிக்க வேண்டியது. உப்புக்கறி பக்கத்தில் வைத்தால் அதன் நுணுக்கம் எல்லாம் வீண். கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே வீணைக் கச்சேரி. அடித்தள பர்கண்டிக்கு அந்தப் பிகு கிடையாது.

அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். டிஜோன் என்றால் கடுகு. மூக்கில் ஏறிக் கண்ணைக் கலக்கும் அந்தக் கடுகு விழுதைத் தொட்டுக்கொண்டு காலங்காலமாக இதே ஒயினைத்தான் குடித்து வருகிறார்கள். அவர்களின் பிரசித்தமான "கோக் ஓ வான்" வேறொன்றும் இல்லை, முற்றிய சேவலை ஒயினில் போட்டு மணிக்கணக்காக வேக வைப்பது. நாட்டுச் சேவலைக் குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் வேகாமல் அல்லாடும் அத்தனை வீடும் அந்தப் பர்கண்டிக் கிழவிக்கு உறவுமுறைதான்.

எதற்கு எது சேரும்?

முதல் இடம் காடைக்கு. (பண்ணைக் காடை. காட்டுக்காடையைப் பிடித்தால் வனத்துறை பிடிக்கும்.) காடை, புறா மாதிரிச் சின்னப் பறவைகளுக்குப் பினோ என்பது பிரான்சிலேயே பழைய ஜோடி. மிளகு தூக்கலாக, மிளகாய் அடக்கமாக வறுத்த காடைக்கு ஓத் கோத் த நுயி. இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டுக்கோழி வறுவலுக்குச் சாதாரண பூர்கோன் பினோ. மட்டன் சுக்காவுக்கு மெர்க்யூரே, அது கொஞ்சம் சதைப்பிடிப்பானது. கல்பாசி தூக்கலாகப் போட்ட கறிக்குழம்புக்கு நாலைந்து வருஷம் ஆன சான்தனே. கல்பாசி என்பது பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு லைக்கன் இனம். அதைச் சூடான எண்ணெயில் போட்டதும் எழும் வாசம், ஈரமான காட்டு மண்ணின் வாசம். வயதான பினோவிலும் அதே ஈரச் சருகு, காளான். இரண்டும் சந்திக்கும்போது எங்கே குழம்பு முடிகிறது, எங்கே ஒயின் தொடங்குகிறது என்று பிரிப்பது கஷ்டம். இந்த ஒரு ஜோடிக்காகவே இவ்வளவு நீட்டி முழக்கலாம்.

உப்புக்கறி கொஞ்சம் வம்பு. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் உப்பும் கறியும் மட்டும்தான், மிளகாய் நேராக நிற்கும். விதையைத் தட்டிவிட்டுப் போட்டால் பாஸ்-தூ-கிரான் தாங்கும். விதையோடு போட்டால் எந்த ஒயினும் தாங்காது, அங்கே மோர்தான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்ள வேண்டும்.

சைவர்களுக்கு வாழைப்பூ வடை, காளான் மிளகு வறுவல், கருணைக்கிழங்கு வறுவல் மூன்றும் நன்றாகச் சேரும். சேராதவை: புளியும் அரிசி கழுவிய நீரும் விட்டு வைக்கும் மண்டி (புளிப்புக்குப் புளிப்பு போட்டி), கவுனி அரிசிப் பொங்கல் (இனிப்புக்கு முன்னால் ஒயின் வெறும் காடியாகத் தெரியும்), அயிரை மீன் குழம்பு. மீன் விஷயத்தில் மூடநம்பிக்கை இல்லை. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேரும்போது வாயில் கவிச்சி வாசம் எழுகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

பரிமாறும் சூடு முக்கியம். "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி" என்று ஒரு விதி உண்டு. அது பிரான்சுக்காரனின் பழைய கல் வீட்டு அறை. காளையார்கோவிலில் மே மாத அறை வெப்பத்தில் வைத்தால் ஒயின் ரசமாகிவிடும். பினோவுக்கு 14, 15 டிகிரி சரி. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் போதும். ஐஸ் கட்டி போடக் கூடாது, சோடா கலக்கக் கூடாது, "கொஞ்சம் கோக் ஊத்திக்கிறேன் மச்சி" என்பவருக்குத் தனியாகக் கோக் மட்டும் கொடுத்துவிடலாம்.

பாத்திரமும் ஒரு சிக்கல். எவர்சில்வர் தம்ளரை அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வது நம்மூர் மரியாதை. சுத்தமான பழக்கம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அண்ணாந்து குடித்தால் மூக்குக்கு வேலை இல்லை, மூக்கு இல்லாவிட்டால் பினோவில் பாதி போச்சு. அகல வாய் கண்ணாடித் தம்ளர் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, முகர்ந்து, சப்பிக் குடிக்க வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம கலாச்சாரமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். காளையார்கோவிலின் பழைய பெயர் கானப்பேர். வேங்கைமார்பனின் அந்தக் கோட்டையை உக்கிரப்பெருவழுதி என்ற பாண்டியன் வென்றதைப் புறநானூற்றின் 21-ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார் பாடியிருக்கிறார். அதே புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் இன்னொரு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். எப்படி? யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட மகிழ்ந்திரு என்று. யவனர் என்றால் கிரேக்க, ரோமானிய வணிகர்கள். குளிர்ந்த, மணமுள்ள என்று சொல்லியிருப்பதைக் கவனிக்கவும், நக்கீரருக்கு ஃப்ரிட்ஜ் விஷயம் தெரிந்திருக்கிறது. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய ஜாடி ஓடுகள் கிடைத்தன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோதும் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் ஏற்றி வந்த ஜாடிகள் அவை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநருக்கு மதுவும் இறைச்சியும் சேர்த்தே கொடுக்கிறான், தின்று தின்று பல் தேய்ந்தது என்று அவர்கள் சொல்கிற அளவுக்கு. மதுவும் சாப்பாடும் ஒரே பந்தியில்தான் இருந்தன.

அது எப்போது பிரிந்தது? ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. மதுவிலக்கு வருவதும் போவதுமாக இருந்தது. சோற்றோடும் மீனோடும் குடித்த கள்ளுக்கு 1987-ல் தடை வந்தது, சீமைச் சாராயம் மட்டும் நின்றது. 2003-ல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. பெண்கள் இல்லாத, வெளிச்சம் இல்லாத, நின்றுகொண்டே முடித்துவிட்டுக் கிளம்புகிற ஒரு இடமாகக் குடி மாறிப்போனது. வீட்டில் தெரியாமல், அவசரமாக, வெறும் வயிற்றில். இந்தச் சமூகத்தில் இப்போது இரண்டே சாதி: தொடவே தொடாதவர்கள், விழும்வரை நிறுத்தாதவர்கள். நடுவில் ஒரு கிளாஸோடு எழுந்து கை கழுவுகிறவர் என்ற ஆளையே காணோம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஒரு ஆள், அரை மணி நேரம். ஒரு முழு பர்கண்டி பாட்டில் 750 மில்லி, 13 சதவீதம், சுத்த ஆல்கஹால் 97 மில்லி. அதை நாலு பேர் மதியச் சாப்பாட்டோடு இரண்டு மணி நேரத்தில் பகிர்ந்தால் ஆளுக்கு 24 மில்லி. குவாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, அதுவும் வயிறு நிறையச் சோற்றோடு. குடும்பத்தில் குடியால் அடிபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது, அவர்களிடம் ஒயின் பெருமை பேசுவதும் அநாகரிகம். ஒருவரால் ஒரு கிளாஸோடு நிறுத்த முடியாது என்றால் அவருக்குச் சரியான அளவு பூஜ்யம்தான். ஆனால் குவாட்டரே உலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரனுக்கு, சாப்பாட்டுக்குத் துணையாக மட்டும் இருக்கிற ஒரு மது இருக்கிறது என்று யாராவது சொல்லத்தான் வேண்டும்.

காசு விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. பிரான்சில் மலிவானது இங்கே மலிவு இல்லை. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா பல வருஷமாக 150 சதவீதம் சுங்க வரி போட்டு வந்தது, அதற்கு மேல் மாநில வரி. 15 யூரோ பாட்டில் சென்னை எலைட் கடைக்கு வரும்போது சில ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். புதுச்சேரியில் குறைவு, ஆனால் வாங்கி எல்லை தாண்டினால் மதுவிலக்குப் போலீஸ் கேள்வி கேட்கும். நாசிக் ஒயின்கள் பெரும்பாலும் ஷிராஸ், கேபர்னே. அவை வேறு குணம்.

ஆனால் சிவகங்கை ஜில்லாவுக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். அந்த 2 லிட்டரும் காலங்காலமாக இரண்டு விஸ்கி பாட்டில் என்றே எழுதி வைத்திருக்கிறது. "மாமா, இந்தத் தடவை ஒரு விஸ்கி போதும், இன்னொண்ணுக்குப் பதிலா ஒரு பர்கண்டி" என்று சொல்லிப் பார்க்கலாம். லேபிளில் "பூர்கோன்" என்றும் "பினோ நுவார்" என்றும் இருந்தால் போதும், வயல் பெயர் எதுவும் வேண்டாம். கிடைத்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், நம்மூர் அலமாரிச் சூட்டில் கெட்டுப்போகும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நாலு பேர், வாழை இலை. காலையிலேயே பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். முதலில் வாழைப்பூ வடையும் காடை வறுவலும், கால் கிளாஸ். பிறகு சோறும் கல்பாசி போட்ட கறிக்குழம்பும், இன்னொரு கால் கிளாஸ். குழம்பு ஆறுவதற்குள் எல்லாரும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டு, களாப்பழமா இலந்தையா என்று சண்டை போடலாம். ரசம் வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும், ரசத்துக்கு எந்தத் துணையும் தேவையில்லை. மோர்ச் சோற்றுக்கு முன்னால் கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போட்டுவிடவும். தயிரும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் இரண்டுமே கெடும்.